லயத்துப் பூனையும் விசர்நோய்ப் பதிவேடும்

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் நெடுஞ்சாலை புசல்லாவையைக் கடந்து இறம்பொடையை அணுகும்போது மலைகள் திடீரென நெருங்கி நிற்கின்றன. வழிப்போக்கர் கண்களை நீர்வீழ்ச்சியும் கீழே விரியும் கொத்மலைப் பள்ளத்தாக்கும் கவர்ந்துவிடுவதால், சாலையிலிருந்து பிரிந்து தேயிலை மலைக்குள் நுழையும் சிறு பாதைகளை அவர்கள் கவனிப்பதில்லை. அப்பாதைகளின் முடிவில் லயங்கள் உள்ளன. ஒரு காம்பரா, அதன் முன்னே ஓர் இஸ்தோப்பு, அதற்குள் ஒரு குடும்பம் என்ற அமைப்பு கோப்பிக் காலத்தில் தோன்றித் தேயிலைக் காலத்திலும் மாறாது நின்றதாகும். அக்குடும்பத்தோடு இன்னும் இரு உயிர்கள் வாழ்ந்து வந்திருக்கின்றன. நாய் இஸ்தோப்பில் கிடக்கும். பூனை அடுப்படியில் கிடக்கும்.

மலையக வரலாற்றை ஆராய்ந்தோர் கோப்பியையும் தேயிலையையும், கங்காணி முறையையும், குடியுரிமைப் பறிப்பையும் விரிவாக எழுதியுள்ளனர். அவ்வெழுத்துகளில் இவ்விரு உயிர்களுக்கும் பெரும்பாலும் இடமில்லை. இது வியப்பன்று. வரலாறு பதிவேட்டிலிருந்து எழுதப்படுவது. பதிவேட்டில் இல்லாதது வரலாற்றிலும் இராது. ஆயினும் வீட்டு விலங்கைச் சோதித்து அதற்குத் தடுப்பூசி இடும் வழக்கம் எப்போது, எவ்வழியாக இந்நாட்டில் வேரூன்றியது, அது தோட்டத்து லயத்தை, அதிலும் லயத்துப் பூனையை, ஏன் மிகப் பிந்தியே நாடிற்று என்ற வினாவை எழுப்பினால், அதற்குரிய விடை விலங்கைப் பற்றியதாக மட்டும் இருப்பதில்லை. தோட்டத்து மனிதர் எந்தெந்தப் பதிவேட்டில் இருந்தனர், எவற்றில் இல்லை என்பதையும் அது வெளிப்படுத்துகின்றது.

மனிதரின் பதிவேட்டிலிருந்தே தொடங்குவது பொருத்தமாகும். தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளி இலங்கை மண்ணில் கால் வைப்பதற்கு முன்பே எண்ணப்பட்டுவிட்டான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவன் கழுத்தில் தொங்கிய தகரத் துண்டில் அவன் போகவேண்டிய தோட்டத்தின் குறி பொறிக்கப்பட்டிருந்தது. தூத்துக்குடிக்கு அண்மையில் தட்டப்பாறையிலும், 1914இல் தனுஷ்கோடி - தலைமன்னார்ப் பாதை திறக்கப்பட்ட பின்னர் மண்டபத்திலும் அமைந்த முகாம்களில் அவன் சில நாட்கள் தடுத்து வைக்கப்பட்டான். அம்மைப்பால் குத்தப்பட்டது, பின்னாளில் கொழுக்கிப்புழுவுக்கு மருந்தும் புகட்டப்பட்டது. தோட்டத்தை அடைந்ததும் செக்றோலில் பெயர் ஏறியது. நோயைக் கொண்டுவருவான் என்ற அச்சமும், நோயுற்றால் உழைப்புக் குறையும் என்ற கணக்கும் இதற்குக் காரணங்களாயிருந்தன. 1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைத் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியதும் இக்கணக்கோடு இசைந்ததே. இவ்வாறு தோட்டத்து மனிதனுடைய உடல் ஊசியால் நன்கு அறியப்பட்டிருந்தது. அவனோடு வாழ்ந்த விலங்கின் உடலை எவரும் அறிய முயன்றாரில்லை.

பூனையை லயத்தில் வைத்திருந்தது அரிசியே. தோட்டம் சம்பளக் கணக்கில் வழங்கிய அரிசி காம்பராவின் மூலையில் இருந்தது. அரிசி இருந்த இடத்தில் எலி இருந்தது. 1914இல் கொள்ளைநோய் கொழும்பை அடைந்தபோது எலி அரசாங்கத்தின் பகையாயிற்று. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இந்திய மருத்துவ சேவையைச் சேர்ந்த புக்கானன் என்னும் மருத்துவர், பூனை மிகுந்த ஊர்களைக் கொள்ளைநோய் அவ்வளவாகத் தீண்டுவதில்லை என வாதிட்டு, வீடுதோறும் பூனை வளர்க்கவேண்டுமென 1908இல் எழுதியிருந்தார். பூனை ஒரு நோய்த்தடுப்புச் சாதனமாகக் கருதப்பட்ட காலம் ஒன்று இருந்தது என்பது இன்று பலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். அந்தப் பூனைக்கும் நோய் வரும், அதற்கும் தடுப்பு வேண்டும் என்ற எண்ணம் பிறக்க இன்னும் அரை நூற்றாண்டு கழியவேண்டியிருந்தது.

நாயின் கதை வேறு. மலைநாட்டில் நாய் முதலில் துரைமாரின் விலங்காகவே எழுத்தில் இடம் பெற்றது. 1848இல் நுவரெலியாவிற் குடியேற வந்த சாமுவேல் பேக்கர் இங்கிலாந்திலிருந்து வேட்டை நாய்களைக் கொண்டுவந்தார். மரைவேட்டையைப் பற்றி அவர் எழுதிய நூலில் நாய்களுக்குத் தனித்தனிப் பெயரும் குணமும் உண்டு. அதே காலத்தில் மலையேறி வந்து வழியில் மடிந்த கோப்பித் தொழிலாளருக்குப் பெரும்பாலும் பெயர் எழுதி வைக்கப்படவில்லை. இவ்வேறுபாடு நோக்கற்பாலது.

விசர்நோய் அல்லது நீர்வெறுப்பு நோய் எனப்படுவது இந்நாட்டாருக்குப் புதியதன்று. கடியுண்டவன் நீரைக் கண்டு அஞ்சத் தொடங்கினால் பிழைப்பதில்லை என்னும் உண்மையைச் சுசுருதரின் மருத்துவ நூலே கூறிவிட்டது. ஆனால் நோயை ஓர் ஆட்சிப் பிரச்சினையாக நோக்கிச் சட்டம் இயற்றப்பட்டது பிரித்தானியர் காலத்திலேயாகும். 1893இல் விசர்நோய்க் கட்டளைச் சட்டமும் 1901இல் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டமும் இயற்றப்பட்டன. இவற்றின் காலப்பின்னணி கருதத்தக்கது. அதே ஆண்டுகளில் பிரித்தானியாவில் நாய்களுக்கு வாய்க்கட்டு இடவேண்டும் என்ற ஆணைகள் பெரும் எதிர்ப்புக்கிடையே நிறைவேற்றப்பட்டன. அங்கு நாய்ப் பிரியர் கூட்டங் கூட்டிக் கண்டித்தனர், அமைச்சர் விட்டுக்கொடுக்கவில்லை. 1902இல் அத்தீவு நோயற்றதாயிற்று. 1918இல், போரிலிருந்து திரும்பியோர் கள்ளமாகக் கொண்டுவந்த நாய்களினால் மீண்டும் தலைதூக்கிய நோய் 1922இல் மறுபடியும் ஒழிக்கப்பட்டது. இலங்கையும் ஒரு தீவுதான். கடலே வேலியாக அமைந்த நாட்டில் இந்நோயை ஒழித்தல் இயலும் என்பதற்கு ஆட்சியாளரின் சொந்த நாடே சான்றாயிருந்தது. அச்சான்று இருந்தும் இங்கு நோய் ஒழியவில்லை.

காரணம் சட்டத்தின் அமைப்பிலேயே ஓரளவு புலப்படும். நாய்ப் பதிவு என்பது கட்டணம் செலுத்தும் உரிமையாளன் ஒருவனை முன்கூட்டியே கருதிக்கொண்டது. பட்டணத்தில் மதிலுக்குள் கட்டப்பட்ட நாய்க்கு உரிமையாளன் உண்டு. கிராமத்து நாய்க்கு உரிமையாளர் ஒருவரல்லர், ஊரார் பலர். ஒரு வரிசையில் பத்துக் காம்பராக்கள் கொண்ட லயத்தில், மிஞ்சிய சோற்றை எவர் வீசினாலும் தின்று, எவர் இஸ்தோப்பிலும் உறங்கி, லயம் முழுவதற்கும் இரவில் குரைக்கும் நாயை எவர் பெயரில் எழுதுவது? எழுதப்படாத நாய் சட்டத்தின் கண்ணில் கட்டாக்காலி நாய். கட்டாக்காலி நாய்க்குச் சட்டம் வைத்திருந்த மருந்து சாவு. பூனையோ இப்பதிவிற்குள் வரவேயில்லை. அதனை எவரும் எண்ணவும் இல்லை. வரி கேட்கவும் இல்லை. அவ்வகையில் அது பேறு பெற்றது எனலாம். ஆனால் எண்ணப்படாதது காக்கப்படுவதும் இல்லை.

மருத்துவத்தின் பக்கம் சிறிது நோக்குவோம். 1885 யூலை மாதத்தில் பாரிசில் லூயி பாச்சர், விசர்நாயாற் கடியுண்ட யோசெப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தம் தடுப்பு மருந்தை ஏற்றியது உலகறிந்த செய்தி. இந்தியாவில் 1900இல் கசௌலியிலும், 1907இல் நீலகிரியில் குன்னூரிலும் பாச்சர் நிறுவனங்கள் தோன்றின. தேயிலை மலையொன்றின் மீது தென்னிந்தியாவின் விசர்நோய் மருத்துவம் நிலைகொண்டது என்பது இக்கட்டுரைப் பொருளோடு ஒரு தற்செயலான ஒற்றுமை. கசௌலியில் பணியாற்றிய டேவிட் செம்பிள் 1911இல், நோய்க்கிருமி ஏற்றப்பட்ட விலங்கின் மூளையைக் கார்போலிக் அமிலத்தாற் பதப்படுத்தி உருவாக்கிய மருந்து மலிவானதாகவும் எளிதிற் செய்யத்தக்கதாகவும் இருந்தமையால் ஆசிய நாடுகளெங்கும் பரவியது. கொழும்பிற் பற்றீரியவியல் நிறுவனமாகத் தொடங்கிப் பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகமாக வளர்ந்த நிலையமே இலங்கையில் இம்மருந்தைத் தயாரித்தது.

செம்பிள் மருந்து வயிற்றின் தோலுக்கடியில் நாளுக்கு ஒன்றாக, பெரும்பாலும் 14 நாட்கள் ஏற்றப்படுவது. மூளைத் திசுவிலிருந்து பெறப்பட்டமையால் அரிதாகச் சிலருக்கு அதுவே வாதத்தையும் விளைவித்தது. ஆயினும் தோட்டத் தொழிலாளியைப் பொறுத்தமட்டில் ஊசியின் வலியிலும் அபாயத்திலும் மேலாக நின்றது நாட்கணக்கே. அவளுடைய சம்பளம் நாளுக்கு நாள் விழும் பேரைப் பொறுத்தது. பிரட்டுக்களத்தில் நில்லாத நாளுக்குப் பேர் இல்லை. 14 நாட்கள் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்வருதல் என்பது ஏறத்தாழ அரை மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுத்தலாகும். கடித்தது நாயாயின், அதுவும் வாயில் நுரைதள்ளி ஓடிய நாயாயின், அச்சம் அவளை ஆஸ்பத்திரிக்கு இட்டுச்சென்றிருக்கும். அடுப்படியில் கிடந்த பூனை குழந்தையின் கையைக் கீறியதற்கு எவர் அரை மாதச் சம்பளத்தைத் துறப்பர்? சுண்ணாம்போ மஞ்சளோ தடவி, மந்திரித்த கயிறு கட்டி அமைவதே வழக்கமாயிருந்தது. அதனை அறியாமை என்று ஒதுக்கிவிடுவோர் சம்பளப் பட்டியலையும் ஒருமுறை பார்ப்பது நன்று.

இனிச் சோதனை. கடித்த விலங்கிற்கு நோய் உண்டா இல்லையா என்பதை உயிரோடு இருக்கும்போது உறுதியாகக் காட்டும் சோதனை விசர்நோய்க்கு நடைமுறையில் இல்லை. 1903இல் இத்தாலியரான அடெல்கி நெக்ரி, நோயுற்ற விலங்கின் மூளைக் கலங்களில் காணப்படும் நுண்ணுடல்களைக் கண்டறிந்தார். நுண்காட்டியில் அவற்றைத் தேடுவதே நீண்டகாலம் சோதனையாயிருந்தது. 1958இல் அமெரிக்கரான கோல்ட்வாசரும் கிஸ்லிங்கும் ஒளிரும் பிறபொருளெதிரிகளைக் கொண்டு கிருமியைக் காட்டும் முறையைப் புகுத்திய பின்னர் சோதனை திருத்தமடைந்தது; எனினும் அதற்கும் இறந்த விலங்கின் மூளையே வேண்டும். ஆகவே விலங்கின் தலையை வெட்டிப் பனிக்கட்டியிட்டுக் கொழும்புக்கு அனுப்புதல் வேண்டும். இறம்பொடையிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 150 கிலோமீற்றர். பனிக்கட்டிப் பெட்டியில் ஒரு பூனைத் தலையை வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறவேண்டியவர் யார், அவருடைய அன்றைய பேர் என்னாவது என்பன நோயியல் நூல்கள் கேட்காத கேள்விகள்.

இதற்கு மாற்றுவழி ஒன்று உண்டு. கடித்த நாயையோ பூனையையோ கொல்லாது பத்து முதற் பதினான்கு நாட்கள் கட்டிவைத்துக் கவனித்தல். அது அந்நாட்களைக் கடந்தும் நலமாயிருப்பின், கடித்த வேளையில் அதன் உமிழ்நீரிற் கிருமி இருந்ததில்லை எனக் கொள்ளலாம். பணம் வேண்டாத சோதனை இதுவே. ஆனால் இதற்கும் விலங்கு இன்னாருடையது, இன்ன இடத்தில் இருக்கிறது என்பது தெரிந்திருத்தல் வேண்டும். ஊரில் இல்லாதுபோன பூனையைக் கவனித்தல் எங்ஙனம்? மறுபடியும் பதிவேட்டிற்கே வந்து சேருகின்றோம்.

விலங்கிற்கே முன்கூட்டித் தடுப்பூசி இடும் முறை இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே வலுப்பெற்றது. 1948இல் கொப்ரௌஸ்கி, கொக்ஸ் ஆகிய இருவர் கோழிக் கருவில் வளர்த்து வலுக்குறைத்த புளூரி வகைக் கிருமியைக்கொண்டு நாய்களுக்கான மருந்தை உருவாக்கினர். 1952இல் கோலாலம்பூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் நோய் பரவியபோது மலாயா அரசு இம்மருந்தைக் கட்டாயமாக நாய்களுக்கு இட்டு, கட்டாக்காலி நாய்களை அழித்து, குறுகிய காலத்தில் நோயை அடக்கியது. பெருவாரித் தடுப்பூசியின் வெற்றிக்கு உலகம் எடுத்துக்காட்டும் முதல் நிகழ்ச்சிகளுள் அது ஒன்று. மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலும் தமிழ்த் தொழிலாளரே லயங்களில் வாழ்ந்தனர். அங்கு இயன்றது இங்கு ஏன் இயலவில்லை என்பது தனியே ஆராயத்தக்கது.

பூனையின் வரலாறு இவ்விடத்தில் ஒரு திருப்பம் கொள்கின்றது. நாய்க்குப் பாதுகாப்பளித்த அதே புளூரி மருந்து பூனைக்கு ஏற்றப்பட்டபோது சில பூனைகளுக்கு அம்மருந்தே விசர்நோயைத் தந்தது. பூனை சிறிய நாய் அன்று என்பதை அறிவியல் இவ்வாறு விலைகொடுத்துக் கற்றது. பூனைக்கு மேலும் வலுக்குறைத்த வகை வேண்டியிருந்தது. அதுவும் முற்றிலும் இடரற்றதாய் இருக்கவில்லை. பின்னர்க் கிருமியைக் கொன்று ஆக்கும் மருந்துகள் வந்தபோதே பூனைக்கும் நாய்க்கும் ஒருங்கே இடத்தக்க ஊசி கிடைத்தது.

அதே ஆண்டுகளில், வேறொரு திசையிலிருந்து, பூனை தனக்கென ஒரு நோயியலைப் பெற்றுக்கொண்டிருந்தது. 1964இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வில்லியம் ஜரெற்றும் அவருடைய குழுவினரும் புற்றுநோயுற்ற பூனைகளில் ஒரு வைரசைக் கண்டனர். பூனை வெண்குருதிப் புற்று வைரசு என அது பெயர் பெற்றது. பல பூனைகள் ஒன்றாக வாழும் வீடுகளில் நோய் திரள்வதைக் கண்டு, இது தொற்றுவது என அவர்கள் ஐயுற்றது பின்னர் மெய்யாயிற்று. 1973இல் நியூயோர்க்கில் வில்லியம் ஹார்டி ஒரு துளிக் குருதியில் வைரசைக் காட்டும் சோதனையைப் புகுத்தினார். நோயுள்ள பூனையைச் சோதனையாற் பிரித்து வைத்தல் என்ற முறை அதனோடு பிறந்தது. 1985இல் அமெரிக்காவில் தடுப்பூசியும் வந்தது. அடுத்த ஆண்டிலேயே கலிபோர்ணியாவில் நீல்ஸ் பெடர்சன், ஜனெற் யமமொற்றோ ஆகியோர் பூனைகளின் நோய் எதிர்ப்பாற்றலை அழிக்கும் இன்னொரு வைரசைப் பிரித்தெடுத்தனர். 1987இல் அது வெளியிடப்பட்டது. மனிதரின் எயிட்ஸ் நோய் உலகை அச்சுறுத்திய வேளையில் அதன் ஒன்றுவிட்ட உறவு பூனையிற் காணப்பட்டமை பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. எனினும் இவ்விரு வைரசுகளும் மனிதரைப் பற்றுவதில்லை.

இவ்விரண்டும் பரவும் வழி சுவையானது. வெண்குருதி வைரசு உமிழ்நீரிற் செறிந்திருப்பதால் ஒன்றையொன்று நக்கியும் ஒரே தட்டில் உண்டும் வாழும் பூனைகளிடையே பரவுகின்றது. அது நட்பினால் வருவது. எதிர்ப்பாற்றல் அழிக்கும் வைரசோ பெரும்பாலும் ஆழக் கடிப்பதால், அதாவது வெளியே திரிந்து சண்டையிடும் கடுவன்களிடையே பரவுகின்றது. அது பகையினால் வருவது. விசர்நோயும் கடியினாலேயே பரவுவதால், இரவில் லயத்துக் கூரைகளின்மேற் கேட்கும் கடுவன்களின் சண்டை இரு வேறு நோய்களுக்கு ஒரே வாயிலாக அமையக்கூடும்.

சோதனையும் தடுப்பூசியும் ஒன்றுக்கொன்று துணையாகும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. 2002இல் அமெரிக்காவில் எதிர்ப்பாற்றல் வைரசுக்கான ஊசி விற்பனைக்கு வந்தபோது அவ்வெதிர்பார்ப்புப் பொய்த்தது. வழக்கிலிருந்த சோதனை வைரசைத் தேடாது, அதற்கெதிராக உடல் ஆக்கும் பிறபொருளெதிரியைத் தேடுவது. ஊசியும் அதே பிறபொருளெதிரியைத் தோற்றுவித்தது. எனவே ஊசி பெற்ற நலமான பூனையும் சோதனையில் நோயுற்றதாகத் தோன்றியது. தெருவில் தொலைந்து காப்பகத்தைச் சேர்ந்த பூனை, தான் ஊசி பெற்றதைச் சொல்ல வாயற்றது. சோதனையின் முடிவு அதன் உயிருக்கே உலை வைக்கலாம். இவ்விடர்ப்பாடும், ஊசியின் பயன் பற்றிய ஐயமும் சேர்ந்து, 2010களின் பிற்பகுதியில் அம்மருந்து வட அமெரிக்கச் சந்தையை விட்டகன்றது. ஊசி பெற்ற பூனை இது எனக் காட்டும் அடையாளம், அதாவது பூனையோடு கூடவே செல்லும் ஒரு பதிவு இல்லாதவிடத்து, ஆய்வுகூடத்தின் திறனும் தடுமாறுகின்றது. செல்வம் மிகுந்த நாட்டின் பூனைக்கும் இறம்பொடையின் பூனைக்கும் பொதுவாயமைந்த இடர் இதுவாகும். வேறுபாடு என்னவெனில், அங்கு பதிவின்மையால் பூனை மாண்டது. இங்கு மனிதரும் மாண்டனர்.

1973இல் இலங்கையில் விசர்நோயால் இறந்தோர் தொகை 377. அதே 1973 - 74 காலப்பகுதியிலேயே உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைக் கடுமையாகத் தாக்கிப் பட்டினிச் சாவுகளையும் விளைவித்தது. மனிதர் தம் பங்கையே பெறாத லயத்தில் விலங்குகளுக்கு மிஞ்சியிருக்கக் கூடியது எதுவுமில்லை. உணவு தேடி அவை லயம் லயமாகத் திரிந்திருத்தல் வேண்டும். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கையின்படி 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவாகியிருந்தது. எழுபதுகளில் அவர்கள் குடும்பம் குடும்பமாகத் தலைமன்னாருக்குப் புறப்பட்டனர். தகரப் பெட்டியும் பாயும் அம்மியும் கொண்டுசெல்ல வாய்ப்பிருந்தது. நாயையும் பூனையையும் உடன்கொண்டு கப்பலேற இயன்றிருக்காது. பூட்டிய காம்பராவின் முன்னே அவை காத்திருந்த நாட்களை எந்தப் புள்ளிவிபரமும் காட்டாது. ஆனால் ஆளற்ற விலங்குகளின் தொகை பெருகிய காலங்களுள் அதுவும் ஒன்று எனக் கருதுவதில் தவறில்லை.

1975இல் தேசிய விசர்நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. நாய்களுக்குப் பெருவாரியாக ஊசி இடுதலும் கட்டாக்காலிகளை அழித்தலும் அதன் இரு கைகளாயின. 1995இல் செம்பிள் வகை மருந்தின் தயாரிப்பு நிறுத்தப்பட்டு, கல வளர்ப்பில் ஆக்கிய இடர்குறைந்த மருந்து மனிதருக்கு வழங்கப்படலாயிற்று. 2006இல் நாய்களைக் கொல்வதில்லை என்பது அரசின் கொள்கையாயிற்று. கருத்தடையும் ஊசியும் அதன் இடத்தைப் பெற்றன. 2012இல் இறந்தோர் 38 பேர். அண்மைய ஆண்டுகளில் இத்தொகை இருபதுக்கும் முப்பதுக்கும் அண்மித்ததாக நிற்கின்றது. நான்கு தசாப்தங்களில் ஏற்பட்ட இவ்வீழ்ச்சி பெருமைக்குரியதே. எனினும் பிரித்தானியத் தீவு 1902இல் எட்டிய நிலையை இத்தீவு இன்னும் எட்டவில்லை. எஞ்சியுள்ள நோய் எங்கே தங்கியுள்ளது என்று தேடுவோர், நாய்க்கு அடுத்தபடியாக விசர்நோயைக் காட்டும் வீட்டு விலங்கு பூனையே என்பதைக் காண்பர்.

இங்குதான் தோட்டத்தின் தனிநிலை குறுக்கிடுகின்றது. ஊசி சுகாதார அமைச்சின் வழியாக வந்தது. விலங்குப் பதிவு உள்ளூராட்சியின் வழியாகவே இயங்கிற்று. உள்ளூராட்சியோ தோட்டத்தை நெடுங்காலம் தன் எல்லைக்கு வெளியே வைத்திருந்தது. 1930களின் பிற்பகுதியிலேயே கிராமச் சபைத் தேர்தல்களில் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு வாக்குரிமை மறுக்கப்பட்டது. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாட்டின் பதிவேட்டிலிருந்தே நீக்கியது. 1987இன் பிரதேச சபைச் சட்டம் நாட்டின் உள்ளூர் ஆட்சியைப் புதிதாக ஒழுங்கமைத்தபோதும், அதன் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் பணம் செலவாவதற்குத் தடையாய் நின்றது. லயத்திலிருந்து வாக்களித்துத் தெரிவான உறுப்பினரே அந்த லயத்துக்குப் பாதை போட முடியாத நிலை இதன் விளைவு. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தினாலேயே இத்தடை அகன்றது. நாய்ப் பதிவைத் தோட்டத்தில் நடத்தவேண்டிய சபைக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தோட்டத்தில் செலவழிக்கும் உரிமை தெளிவாக இருக்கவில்லை. தோட்டத்தின் உரிமையோ 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அரசுக்கும், 1992இல் முகாமைக் கம்பனிகளுக்கும் கைமாறிற்று. எக்கம்பனியின் கணக்கிலும் லயத்துப் பூனைக்குத் தலைப்பு இல்லை.

சுகாதாரப் பகுதியினரின் ஊசிக் குழு தோட்டத்துக்கு வருவதில்லை என்று கூறுதல் நியாயமாகாது. வருகின்றது. முன்கூட்டி அறிவித்து, ஒரு பொது இடத்தில் மேசையிட்டு, நாய்களையும் பூனைகளையும் கொண்டுவரச் சொல்வதே நாடெங்கும் கைக்கொள்ளப்படும் முறை. நாய் கயிற்றுக்கு அடங்கும், சிறுவர் இழுத்துவருவர். பூனை அடங்காது. பழைய அரிசிச் சாக்கிலோ மூடிய கூடையிலோ அதனைப் பிடித்தடைத்து மலையிறங்கி வரவேண்டும். அந்நேரத்தில் தாய் கொழுந்து மலையில் இருப்பாள். அறிவித்தலின் சொற்களையும் இங்கே கருதலாம். அரசாங்க அறிவித்தல் ‘விசர்நாய்க்கடி நோய்’ என்கிறது. தென்னிந்திய வழிவந்த பேச்சில் அது ‘வெறிநாய்’. இரு பெயர்களிலும் நாயே உண்டு, பூனை இல்லை. நோயின் பெயரே பூனையை ஐயத்திற்கு அப்பால் நிறுத்திவிடுமாயின், சாக்கில் அடைத்துக்கொண்டு வருவதற்குக் காரணம் ஏது?

ஊசி இடப்பட்ட பின்னர் ஓர் அட்டை எழுதப்படுகின்றது. விலங்கின் பெயர், நிறம், ஊசி இட்ட நாள், அடுத்த ஊசிக்குரிய நாள் என்பன அதில் உண்டு. உரிமையாளரின் பெயரும் முகவரியும் அதில் வேண்டப்படும். லயத்துக் காம்பராக்களிற் பெரும்பாலானவற்றுக்குத் தனி முகவரி இருந்ததில்லை. தபாலும் நெடுங்காலம் தோட்டக் காரியாலயத்தின் வழியாகவே வந்து சேர்ந்தது. ஆகவே அட்டையில் தோட்டத்தின் பெயரும் டிவிசனின் பெயரும் எழுதப்படுகின்றன. ஒரு டிவிசனில் நூற்றுக்கணக்கான காம்பராக்கள் இருக்கலாம். அடுத்த ஆண்டு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பூனையைத் தேடிச் செல்லும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், எந்த லயத்தின் எந்தக் கதவைத் தட்டுவது என்பதை அங்குள்ள பிள்ளைகளிடமே கேட்டறிய வேண்டியவராகின்றார்.